டிக்கிரி உண்டு, அமீனா இல்லை!

கோர்ட்டில் ஜெயிப்பது வேறு. ஜெயித்ததைக் கையில் வாங்குவது வேறு. இதை ஒரு தொழிலாளிக்கு யாரும் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. டிரிபியூனலில் அவார்டு வரும். முதலாளி மேல்கோர்ட்டுக்குப் போவார். தடை உத்தரவு வரும். ஆண்டுகள் ஓடும். சங்கம் பலமாக இருக்கிற மில்லில் அந்த அவார்டு சம்பளக் கவருக்குள் பணமாக வந்து சேரும். சங்கம் இல்லாத மில்லில் அது பீரோவுக்குள் கிடந்து மஞ்சளாகும்.

அதற்காகச் சட்டமே வேண்டாம், டிரிபியூனலே வேண்டாம் என்று எந்தத் தொழிலாளியும் சொன்னதில்லை. சட்டம் இல்லாத காலத்தில் மேஸ்திரியின் வாய்ச்சொல்தான் சட்டமாக இருந்தது என்பதை அவன் மறக்கவில்லை.

நாடுகளுக்கிடையே நடக்கும் பொருளாதார விவகாரத்திலும் இதே கதைதான். உலக வர்த்தக அமைப்பு, சர்வதேச நிதியம், உலக வங்கி என்று பல நாடுகள் கூடி உட்கார்ந்து விதி வகுக்கும் சபைகள் இருக்கின்றன. இவை பற்றி நம் கூட்டங்களில் இரண்டு விதமான பேச்சு கேட்கிறது. "எல்லாம் வல்லரசுகளின் மோசடி, வெளியேறி விட்டால் போதும்" என்பது ஒன்று. "உலகமே கூடி வகுத்த விதி, அதன்படி நடந்தால் நியாயம் தானாகக் கிடைக்கும்" என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மையை வைத்துக்கொண்டு போராட்டம் நடத்த முடியாது, தோழர்களே! முழு உண்மையும் தெரிய வேண்டுமானால் ஒரே ஒரு வழக்கை எடுத்து, அதன் நதிமூலம் முதல் முடிவு வரை பார்க்க வேண்டும். பருத்தி வழக்கை எடுத்துக்கொள்வோம்.

நான்கு நாடுகள், ஒரு பயிர்

ஆப்பிரிக்காவில் பெனின், புர்கினா பாஸோ, மாலி, சாட் என்று நான்கு நாடுகள். நான்கும் பிரெஞ்சு ஆதிக்கத்தின் கீழ் இருந்து 1960-ல் விடுதலை பெற்றவை. நான்கும் ஏழை நாடுகள். அந்த மண்ணில் பருத்தி நன்றாக விளையும். குடும்பமே வயலில் இறங்கும். மாடு கட்டி உழுது, கையால் களை எடுத்து, கையாலேயே பஞ்சு பறிப்பார்கள். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் பருத்தியை நம்பிப் பிழைக்கிறார்கள். பள்ளிக்கூடச் சம்பளம், மருந்து, கலியாணச் செலவு எல்லாம் அந்தப் பஞ்சு மூட்டையிலிருந்துதான் வர வேண்டும்.

அவர்கள் விளைவிக்கும் பருத்தியின் அடக்கவிலை உலகிலேயே குறைந்த அடக்கவிலைகளில் ஒன்று. "தடையில்லாத வியாபாரத்தில் மலிவாக விளைவிப்பவன் ஜெயிப்பான்" என்று பொருளாதாரப் பண்டிதர்கள் சொல்கிறார்களே, அந்தக் கணக்குப்படி பெனின் விவசாயி செழித்திருக்க வேண்டும். நடந்தது என்ன? 1990-களின் நடுவில் ஒரு ராத்தல் 90 சென்ட்டைத் தாண்டியிருந்த உலகப் பருத்தி விலை, 2001-02 பருவத்தில் சராசரி 42 சென்ட்டுக்கு விழுந்தது.

விலை விழுந்தால் எந்த விவசாயியும் அடுத்த ஆண்டு குறைவாக விதைப்பான். வரத்து குறையும், விலை மறுபடி ஏறும். ஆனால் அமெரிக்காவில் அப்படி நடக்கவில்லை. அங்கே பருத்தி பயிரிடுவோர் ஏறக்குறைய 25,000 பேர். விலை விழுந்தபோது விழுந்த அளவை அமெரிக்க சர்க்கார் கஜானாவிலிருந்து எடுத்துக் கொடுத்தது. ஆகவே அவர்கள் விதைப்பைக் குறைக்கவில்லை. விளைந்ததெல்லாம் கப்பலேறி உலகச் சந்தையில் கொட்டியது. போதாததற்கு, உள்நாட்டுப் பருத்தியை வாங்குகிற அமெரிக்க மில்லுக்கும், அதை ஏற்றுமதி செய்கிற வியாபாரிக்கும் விலை வித்தியாசத்தைக் கொடுக்க "ஸ்டெப் 2" என்று தனித் திட்டமே இருந்தது.

1999 ஆகஸ்டு முதல் 2003 ஜூலை வரையிலான நான்கு பருவங்களில் இப்படிக் கொடுத்த மானியம் சுமார் 1,250 கோடி டாலர் என்று பிரேசில் கணக்குக் காட்டியது. அந்த நான்கு பருவங்களில் அங்கே விளைந்த பருத்தியின் மொத்த மதிப்பில் இது பத்தில் ஒன்பது பங்கு! இந்த மானியம் இல்லாதிருந்தால் உலக விலை சராசரியாக 12.6 சதவிகிதம் கூடியிருக்கும் என்று பிரேசில் தரப்பின் பொருளாதார நிபுணர் டேனியல் சம்னர் கணக்கிட்டார்.

இந்தப் பணம் அமெரிக்க ஏழைக்குப் போனது என்று எண்ணி ஏமாறாதீர்கள். பெருமளவு போய்ச் சேர்ந்தது பெரிய பண்ணைக்காரர்களுக்கே. அங்கே வயலில் கூலிக்கு உழைப்பவன் நமக்கு எதிரி அல்ல.

இதில் இன்னொரு வேடிக்கை. ஆப்பிரிக்க நாடுகளுக்கு உலக வங்கியும் நிதியமும் செய்த உபதேசம் என்ன தெரியுமா? "பருத்தித் தொழிலிலிருந்து சர்க்கார் கையை எடு, தனியாரிடம் விடு" என்பதுதான். கடன்பட்ட நாடு கேட்டுத்தான் ஆக வேண்டும். கடன் கொடுக்கும் சபையில் பெரிய பங்கு வைத்திருக்கும் நாட்டுக்கு அந்த உபதேசத்தைச் சொல்ல ஆளில்லை. நிதியத்தில் ஓட்டு தலைக்கு ஒன்று அல்ல. கட்டிய பணத்துக்குத் தகுந்தபடி. முக்கியமான முடிவுகளுக்கு 85 சதவிகித ஓட்டு வேண்டும். அமெரிக்காவின் ஓட்டு மட்டும் 16 சதவிகிதத்துக்கு மேல். அது ஒன்றே கை தூக்க மறுத்தால் காரியம் நின்று போகும்.

பலம் எங்கே?

சரி, உலக வர்த்தக அமைப்பும் இப்படித்தானா? இல்லை. இங்கேதான் நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

விதி எதுவும் இல்லாத காலத்தில் நாடுகளின் பணத் தகராறு எப்படித் தீர்ந்தது? 1902 டிசம்பரில் வெனிசுவேலா கடன் பாக்கியைக் கட்டவில்லை என்று பிரிட்டனும் ஜெர்மனியும் இத்தாலியும் போர்க்கப்பல்களை அனுப்பித் துறைமுகங்களை மறித்தன. அதுதான் அந்தக் காலத்துப் பஞ்சாயத்து. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு 1947-ல் 23 நாடுகள் கூடி வர்த்தகத்துக்குக் காட் என்ற ஒப்பந்தம் செய்தன. அதில் ஒரு பெரிய ஓட்டை. தோற்ற நாடு சம்மதிக்காவிட்டால் தீர்ப்பே செல்லாது! குற்றவாளி கையெழுத்துப் போட்டால்தான் தண்டனை என்றால் யார் போடுவான்? 1995-ல் உலக வர்த்தக அமைப்பு பிறந்தபோது அந்த ஓட்டையை அடைத்தார்கள். எல்லா நாடுகளும், ஜெயித்த நாடு உட்பட, வேண்டாமென்று சொன்னாலொழிய தீர்ப்பு நிலைக்கும் என்று விதி வந்தது. மேல்முறையீட்டுக்கு ஏழு பேர் கொண்ட மன்றமும் வந்தது.

இந்த விதியைக் கையில் எடுத்துக்கொண்டு 2002 செப்டம்பரில் பிரேசில் ஜெனிவாவில் அமெரிக்கா மீது பிராது கொடுத்தது. பெனினும் சாடும் மூன்றாம் தரப்பாக அந்த வழக்கில் சேர்ந்தன. 2004-ல் பிரேசிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பு. அமெரிக்கா அப்பீல் செய்தது. 2005 மார்ச்சில் அப்பீலிலும் தோற்றது. "உன் மானியம் உலக விலையை அமுக்கி அடுத்தவன் வயிற்றில் அடித்திருக்கிறது" என்பதே தீர்ப்பின் சாரம். 2006-ல் அமெரிக்கப் பார்லிமெண்டு "ஸ்டெப் 2" திட்டத்தை ரத்து செய்தது.

இது சின்ன விஷயமா? ஒரு தென் அமெரிக்க நாடு கொடுத்த பிராதுக்காக வாஷிங்டனில் ஒரு சட்டம் செத்தது. பீரங்கி வெடிக்கவில்லை, ஒரு கப்பலும் நகரவில்லை. உலகத்தின் மிகப் பெரிய பணக்கார நாடு கூண்டில் ஏறி, கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டிப் பதில் சொல்ல நேர்ந்தது. பல நாடுகள் கூடிய சபையின் பலம் இதுதான். தனியறையில் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து பேசியிருந்தால் இது நடந்திருக்காது.

அமீனா வரவில்லை

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஒரு திட்டம் ஒழிந்தாலும், விலை விழும்போது கொடுக்கும் பெரிய மானியங்கள் தொடர்ந்தன. "தீர்ப்பை முழுவதும் நிறைவேற்றவில்லை" என்று பிரேசில் மறுபடி படியேறியது. 2008-ல் மறுபடியும் ஜெயித்தது.

டிக்கிரி கிடைத்து விட்டது. ஜப்தி செய்வது யார்? உலக வர்த்தக அமைப்புக்கு அமீனா கிடையாது. போலீசு கிடையாது. அதன் விதி என்ன சொல்கிறது என்றால், ஜெயித்தவனே தோற்றவனுடைய சரக்குக்கு வரி போட்டுப் பழி தீர்த்துக்கொள்ளலாம். எந்த அளவுக்கு என்பதை மட்டும் மத்தியஸ்தர்கள் நிர்ணயிப்பார்கள். 2009 ஆகஸ்டில் அந்த அளவை நிர்ணயித்தார்கள். 2010 மார்ச்சில் பிரேசில் பட்டியல் வெளியிட்டது. கார், கோதுமை முதலாக நூறுக்கு மேற்பட்ட அமெரிக்கச் சரக்குகளுக்குக் கூடுதல் வரி. அதோடு நில்லாமல் மருந்துப் பேடண்டு, சினிமாப் பதிப்புரிமை ஆகியவற்றிலும் கை வைக்கப் போவதாக எச்சரிக்கை.

பருத்திக்காரனுக்காக மருந்துக் கம்பெனியும் ஹாலிவுட்டும் நஷ்டப்படுமா? வாஷிங்டன் உடனே சமரசத்துக்கு வந்தது. ஆண்டுக்கு 14 கோடியே 73 லட்சம் டாலர் பிரேசில் பருத்தி விவசாயிகளுக்கான நிதிக்குக் கட்டுவதாக ஒப்புக்கொண்டது. அதாவது தன் நாட்டு மானியத்தை நிறுத்தாமலிருக்க, அடுத்த நாட்டுப் பருத்திக்காரனுக்கும் பணம் கொடுத்தது! 2014 அக்டோபரில் மேலும் 30 கோடி டாலரைக் கொடுத்து வழக்கையே முடித்துக்கொண்டார்கள்.

பெனினுக்கு என்ன கிடைத்தது? சாடுக்கு என்ன கிடைத்தது? அந்தச் சமரசத்தில் ஒரு காசு கிடையாது. அவர்களும் வழக்கில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பட்ட நஷ்டமும் அதே நஷ்டம்தான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. பிரேசில் பெரிய சந்தை. அது கதவைச் சாத்தினால் அமெரிக்க வியாபாரிக்கு வலிக்கும். பெனின் கதவைச் சாத்தினால் அமெரிக்காவில் யாருக்கும் தெரியவே தெரியாது, வலிப்பது பெனினுக்குத்தான். விதி எல்லோருக்கும் ஒன்று. அதை நிறைவேற்றும் கைவலு அவரவர் மடியின் கனத்தைப் பொறுத்தது.

பேசியே கழிந்த ஆண்டுகள்

வழக்கு ஒரு வழி என்றால் பேச்சுவார்த்தை இன்னொரு வழி. ஆப்பிரிக்க நாடுகள் அதிலும் நின்று பார்த்தன. 2003-ல் நான்கு நாடுகளும் சேர்ந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தன. பருத்தி மானியத்தை மூன்று ஆண்டுகளில் ஒழிக்க வேண்டும். ஒழியும் வரை ஏழை நாடுகளுக்கு நஷ்டஈடு தர வேண்டும். புர்கினா பாஸோ ஜனாதிபதி பிளேஸ் கம்பாவோரே அந்த ஜூன் மாதம் நேரில் ஜெனிவாவுக்குப் போய்ப் பேசினார். பிச்சை கேட்கவில்லை, நீங்கள் எழுதிய விதியை நீங்கள் கடைப்பிடியுங்கள் என்றுதான் கேட்டார்கள்.

செப்டம்பரில் மெக்சிகோவின் கன்கூன் நகரில் மந்திரிகள் மாநாடு. அங்கே வைத்த நகல் தீர்மானத்தில் மானியத்தை எப்போது ஒழிப்பது என்ற தேதி இல்லை. பருத்தியை நம்பியிருக்கும் நாடுகள் வேறு தொழில்களுக்கு மாற உதவி செய்யலாம் என்ற யோசனை இருந்தது! திருடனைப் பிடி என்றால், "நீ ஏன் வீடு மாற்றிக்கொள்ளக் கூடாது?" என்று கேட்பது போல. மாநாடு உடன்பாடின்றிக் கலைந்தது.

2004-ல் பருத்திக்கென்று துணைக் கமிட்டி அமைத்தார்கள். 2005 டிசம்பரில் ஹாங்காங்கில் ஏற்றுமதி மானியத்தை ஒழிப்பதாகச் சொன்னார்கள். அது நல்லதுதான், ஆனால் பெரிய தொகை இருப்பது உள்நாட்டு மானியத்தில். அதைத் தொடவில்லை. 2018-ல் அமெரிக்காவில் "விதைப் பருத்தி" என்ற புதிய பெயரில் விலை ஈட்டுத் திட்டம் வந்தது. 2024-ல் அபுதாபியில் நடந்த மந்திரிகள் மாநாடும் விவசாயம் பற்றி ஒரு முடிவுக்கும் வராமல் முடிந்தது.

ஏன் இப்படி? இந்தச் சபையில் எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் புது விதி. இப்போது 166 உறுப்பினர்கள். ஒருவர் மறுத்தாலும் நின்று போகும். இந்த ஏற்பாடு பெனினுக்கும் கவசம்; அதன் சம்மதம் இல்லாமல் அதன் தலையில் புதுச் சுமையை ஏற்ற முடியாது. அதே கவசத்தை வாஷிங்டனும் போட்டுக்கொள்கிறது. இருப்பதைக் காக்க அது நல்ல ஏற்பாடு. அநியாயத்தை மாற்ற அது உதவவில்லை.

பெஞ்சும் காலியானது

அமீனாதான் இல்லை என்றால், பிறகு நீதிபதியும் இல்லாமல் போனார். மேல்முறையீட்டு மன்றத்துக்கு ஆள் நியமிக்கவும் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். அமெரிக்கா சம்மதிக்க மறுத்தது. ஒவ்வொருவராகப் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பரில் மிஞ்சியவர் ஒருவர். ஓர் அப்பீலை விசாரிக்க மூன்று பேர் வேண்டும். 2020 நவம்பரில் அந்த ஒருவரும் போய்விட்டார்.

அதன் பலன் என்ன? தோற்றவன் காலி பெஞ்சுக்கு அப்பீல் மனுவைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். தீர்ப்பு அந்தரத்தில் தொங்கும். பெஞ்சு முடங்கிய சில நாட்களிலேயே, இந்தியா தொடுத்த எஃகு வழக்கில் அமெரிக்கா இப்படிச் செய்தது. நாம் மட்டும் உத்தமர்கள் என்று மார்தட்ட வேண்டாம். 2021 டிசம்பரில் சர்க்கரை மானிய வழக்கில் தோற்ற இந்தியாவும் அதே காலி பெஞ்சுக்குத்தான் அப்பீல் போட்டது. அந்த வழக்கின் வாதிகளில் ஒன்று பிரேசில்!

பெஞ்சு காலியான உலகம் எப்படி இருக்கும் என்பதை 2025 காட்டியது. அந்த ஆகஸ்டில் அமெரிக்கா தன் இஷ்டப்படி பிரேசிலின் பல சரக்குகளுக்கும் இந்தியாவின் பல சரக்குகளுக்கும் 50 சதவிகிதம் வரை வரி போட்டது. திருப்பூரில் பனியன் தைக்கும் தொழிலாளியின் வேலை எங்கோ ஒரு மாளிகையில் போட்ட கையெழுத்தில் ஊசலாடியது. பிரேசில் மறுபடியும் ஜெனிவாவில் பிராது கொடுத்தது. ஒரு காலத்தில் அதே நாட்டை ஜெயித்த அதே வாசல். இப்போது உள்ளே அப்பீலைக் கேட்டு முடித்துவைக்க ஆளில்லை. ஜெனிவா சபை வெறும் மோசடி என்று சொன்ன நண்பர்கள் இதை யோசிக்க வேண்டும். அது வெறும் மோசடியானால் அதன் பெஞ்சைக் காலி செய்ய வல்லரசு ஏன் இத்தனை சிரமப்பட வேண்டும்?

என்ன செய்யலாம்?

வெளியேறுவது வழி அல்ல. வெளியே தனித்தனியாகப் பேரம் பேசினால் பலவீனனுக்கு மிஞ்சுவது வல்லவன் வீசுகிற எலும்புத் துண்டுதான். உள்ளே உட்கார்ந்து விதியை நம்பிக் காத்திருப்பதும் வழி அல்ல. பெனின் காத்திருந்தது, பார்த்தோம்.

வழி ஒன்று உண்டு. அது புதிதும் அல்ல. 1965-லேயே பிரேசிலும் உருகுவேயும் காட் சபையில் ஒரு யோசனை வைத்தன. ஏழை நாடு ஜெயித்தால் அதற்குப் பணமாக நஷ்டஈடு கொடு. தோற்ற நாடு கொடுக்க மறுத்தால் எல்லா நாடுகளும் சேர்ந்து அதன் சரக்குக்குத் தடை போடட்டும் என்றன. பணக்கார நாடுகள் அதை ஏற்கவில்லை. 2002-ல் ஆப்பிரிக்க நாடுகள் அதே யோசனையை மறுபடி ஜெனிவாவில் வைத்தன. அதுவும் ஏற்கப்படவில்லை.

இந்த யோசனையின் பொருள் மில் தொழிலாளிக்கு உடனே புரியும். ஒருவனை அநியாயமாக வேலை நீக்கினால் அவன் மட்டும் கேட்டில் நின்று கத்துவதில் பயனில்லை. மில் முழுவதும் நிற்க வேண்டும். பெனின் ஜெயித்த வழக்கை நிறைவேற்ற பிரேசிலும் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் தங்கள் சந்தைக் கதவில் கை வைக்கத் தயாராக இருந்தால், அன்று பெனினுக்கும் மடியில் கனம் உண்டு. பிரேசில் தன் பங்கை வாங்கிக்கொண்டு 2014-ல் வீட்டுக்குப் போனதே, அது தனி ஆள் சமரசம். அதனால் பிரேசில் பிழைத்தது. பருத்தி விலை பிழைக்கவில்லை.

பெஞ்சை மறுபடி நிரப்புவதும் முடியாத காரியமல்ல. 2020-ல் ஐரோப்பிய ஒன்றியம், சீனா, பிரேசில் முதலிய நாடுகள் சேர்ந்து தங்களுக்குள் ஒரு தற்காலிக அப்பீல் ஏற்பாட்டைச் செய்துகொண்டன. மறுப்பவன் மறுக்கட்டும், ஒத்துக்கொள்பவர்கள் சேர்ந்து நடத்துவோம் என்று அவர்கள் காட்டியிருக்கிறார்கள். இந்தியா அதில் சேரவில்லை. காலி பெஞ்சு தனக்கும் சௌகரியமாக இருக்கிறது என்று எண்ணும் வரை, பெஞ்சை நிரப்பு என்று அடுத்தவனைக் கேட்க நமக்கு வாய் இருக்காது.

ஆகவே டில்லியிடம் நாம் கேட்க வேண்டியவை இரண்டு. அந்த அப்பீல் ஏற்பாட்டில் சேர். தோற்றால் தீர்ப்புக்குக் கட்டுப்படு. ஏழை நாடு ஜெயித்தால் அதன் தீர்ப்பை எல்லோரும் சேர்ந்து நிறைவேற்றும் விதிக்காக ஆப்பிரிக்க நாடுகளோடு தோள் கொடு. கிளைக் கூட்டங்களில் இந்த இரண்டையும் தீர்மானமாக்குங்கள். பஞ்சைத் தொட்டுப் பிழைக்கிற மில் தொழிலாளியும் பனியன் தொழிலாளியும் அதை முதலில் முன்மொழியட்டும்.